மணி குதிக்கும் வரை

சும்மா உட்காரச் சொன்னால் கொத்தனாருக்கு உடம்பு கேட்காது. "சுத்தியலை வைங்கண்ணே" என்று பக்கத்து அறை ஆய்வுக்காரப் பெண் மறுபடியும் ஓடிவரவும் அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"பொழுது சாயறதுக்குள்ள இந்தச் சுவர் விழணும்மா. உள்ளே அப்படி என்னத்த அடைகாக்குற?"

அவள் கூட்டிப்போய் நுண்ணோக்கியின் திரையைக் காட்டினாள். வட்டமாக ஒரு புள்ளி, நிலைகொள்ளாமல் நடுங்கியது.

"ஒத்தை டி.என்.ஏ. இழைண்ணே. ஒரு முனை கண்ணாடியில ஒட்டியிருக்கு. மறுமுனையில தூசியைவிடச் சின்னதா ஒரு காந்தமணி. மேலே இருக்குற காந்தம் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கு."

"நான்தான் அடியை நிறுத்திட்டேனே, இன்னும் நடுங்குதே?"

"தண்ணிக்குள்ள அது சும்மா இருக்காது. அசையாம நின்னாத்தான் கோளாறு, கண்ணாடியில ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்."

"அப்ப எனக்குச் சொந்தக்காரன்தான்."

அவள் சிரிக்கவில்லை. காந்தத்தைச் சுழற்றி இழையை முறுக்கியிருந்தாள். இழை சுருண்டு மணி கீழே இறங்கியிருந்தது. முறுக்கை அவிழ்க்கும் புரதத்தையும் விட்டாயிற்று. அது வேலை செய்தால் மணி மேலே குதிக்கும்.

"நேத்தும் குதிச்சுது. புரதத்தால குதிச்சுதா, உங்க அடியில அதிர்ந்துச்சான்னு சொல்ல முடியல. இதுதான் கடைசிச் சொட்டு. இதுவும் போச்சுன்னா புரதத்தை மறுபடி மாசக்கணக்குல தயார் பண்ணணும்."

கொத்தனார் வெளியே வந்து பாதி இடிந்த சுவரடியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். உள்ளங்கை அரித்தது. கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு செங்கலைக் கையில் எடுத்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல் திரும்ப வைத்தார்.

அப்போது பார்த்து, கூட வேலை செய்யும் மச்சினன் கடப்பாரையைத் தோளில் சுமந்து வந்தான்.

"என்ன மாமா, சுவர் ஓடிப்போயிடும்னு காவலா?"

கடப்பாரையை எப்போதும் தரையில் ணங்கென்று எறிவதுதான் அவன் வழக்கம். தோள் சாய்வதைக் கண்டதுமே கொத்தனார் பாய்ந்தார். கைக்குத் தப்பியது, காலுக்குத் தப்பவில்லை. கடப்பாரை அவர் பாதத்தில் விழுந்து அங்கேயே கிடந்தது. தரை அதிரவே இல்லை.

அவர் தோள்துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

"மாமா... காலு..."

வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று விரலாலேயே சொன்னார்.

நேரம் நகரவே இல்லை. பிறகு கதவு படாரென்று திறந்தது.

"குதிச்சிருச்சுண்ணே! மேலே போய் அங்கேயே நின்னு நடுங்குது! இழை அறுந்திருந்தா மணி ஓடியே போயிருக்கும்!"

கொத்தனார் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"இப்ப கத்தலாமாம்மா?"

"எதுக்குண்ணே?"

அவர் கத்திய கத்தலில் மிச்சச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.