பாலம்மாளின் படச்சுருள்கள்

விடிந்தால் ராஜபாண்டியனின் மகளுக்குக் கல்யாணம். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. விருதுநகர் வீட்டின் பந்தலுக்குள்ளேயே அனல் அடித்தது. வந்த உறவினர்கள் படுக்க இடம் வேண்டுமென்று பின்கட்டு அறையை ஒழித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை ஸ்ரீமதி, மூலையில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தட்டையான ஏழு டப்பாக்கள். ஒன்றின் மூடியை நெம்பியதும் புளித்த நெடி மூக்கில் ஏறியது. சுருட்டி வைத்த பிலிம் பழுப்பாக இளகி, பாகுபோல் ஒட்டிக் கிடந்தது.

யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் அத்தை பாலம்மாள் வைத்துவிட்டுப் போனது.

பாலம்மாள் பதினைந்து வயதில் தாலியறுத்தவள். அண்ணன் ரத்தினசாமி, ஸ்ரீமதியின் தாத்தா, வத்தல் வியாபாரத்துக்காகச் சென்னையில் தங்கியபோது சமைத்துப்போடக் கூடப் போனாள். அங்கே ஒரு படக் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டாள். அது ஊமைப்படக் காலம். அண்ணன் தடுத்தும் கேட்காமல், ரோஜா என்ற பெயரில் நடிக்கப் போய்விட்டாள். ஓடும் குதிரையிலிருந்து வண்டிக்குத் தாவினாள். கோட்டைச் சுவரிலிருந்து குதித்தாள். தனக்குப் பதிலாக இன்னொருவர் குதிக்க அவள் ஒப்பவில்லை. ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தது. ஆறியதும் மறுபடி குதித்தாள்.

படங்கள் பேசத் தொடங்கியபோது, கதாநாயகி பாட வேண்டும் என்றார்கள். பாலம்மாளுக்குப் பாட்டு வரவில்லை. இருபத்து மூன்று வயதில் வேலை போயிற்று. இந்தப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். நடித்த பேச்சை வாயால் எடுக்கக் கூடாது என்று சொல்லி அவர் பின்கட்டைக் கொடுத்தார். ஊரில் கேட்டவர்களிடம், சென்னையில் சீக்காகக் கிடந்தவள் என்று சொல்லிவிட்டார். காலை இழுத்து இழுத்து நடந்தபடி சாகும்வரை அங்கேயே இருந்தாள். இத்தனையையும் அப்பா தன் கடைசி நாட்களில்தான் ஸ்ரீமதியிடம் சொன்னார்.

ஸ்ரீமதி டப்பாவைப் படமெடுத்து, சென்னையில் பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கும் சிநேகிதியின் மகள் ஐஸ்வர்யாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"ஆன்ட்டி, மொதல்ல மூடிருங்க. அது நைட்ரேட் பிலிம். இந்த அளவுக்குக் கெட்டுட்டா வெயில் சூட்டுலயே தானாப் பத்திக்கும். பக்கத்துல அடுப்பு ஏதும் இருக்கா?"

ஸ்ரீமதி சுவரில் கையை வைத்தாள். சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்காரர்களின் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அண்ணனை அழைத்து வந்தாள். ராஜபாண்டியனுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை. சில வருடங்களுக்கு முன்பு அங்கே மருந்து கலக்கும் அறை வெடித்து இருளம்மாள் என்ற பெண் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகத் தூங்கியதில்லை. நெடி பட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அடுப்ப அணைக்கச் சொல்லு," என்றார் மெதுவாக. "காரணம் சொல்லாத. கூட்டம் மிரண்டு ஓடுனா நெரிசல்லயே ஆள் போயிரும்."

வெளியே போய், பின்கட்டில் பாம்பு நுழைந்துவிட்டது, எல்லோரும் வாசல் பக்கம் போங்கள் என்றார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். அவர் சாக்குகளைத் தண்ணீரில் முக்கிப் பெட்டிமேல் போட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கொல்லை வாசலைத் தாண்டும்போது துருவேறிய அடித்தகரம் பிய்ந்து ஒரு டப்பா நழுவியது. ஸ்ரீமதி முழங்காலால் அதைச் சுவரோடு அண்டக் கொடுத்து நின்றாள்.

"அசையாத," என்றார் ராஜபாண்டியன். குனிந்து, இரண்டு கையாலும் அதை ஏந்தி எடுத்தார்.

குட்டியானை வண்டியில் ஏற்றியதும், "நீ வர வேண்டாம்," என்றார். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆமத்தூர் பக்கம் அவர்களுக்குத் தரிசாகக் கிடந்த கரிசல் நிலம் இருந்தது. வழியில் ரயில் கேட் அடைத்திருந்தது. பின்னால் பேருந்து ஒன்று வந்து நின்றது. வெயில் நேராகப் பெட்டியின்மேல் விழுந்தது; சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. வண்டியோரம் பைக்கை நிறுத்தியவர் பீடியைப் பற்றவைத்தார். ராஜபாண்டியன் இறங்கிப் போய் அந்தப் பீடியை அவர் வாயிலிருந்து பிடுங்கி மிதித்து அணைத்தார்.

"என்ன அண்ணாச்சி..." என்று எகிறப்போனவர், அவர் முகத்தைப் பார்த்துப் பைக்கைத் தள்ளிக்கொண்டு அப்பால் போனார்.

நிலத்தின் நடுவில் பெட்டியை இறக்கினார்கள்.

"தள்ளிப் போ. திரி வச்சிருறேன்," என்றார் ராஜபாண்டியன்.

"தெறந்து பாத்துட்டு வைங்கண்ணே. ஒன்னாவது நல்லா இருக்கும்."

"இருளம்மா வீட்டு வாசல்ல நான் நின்னேன். உன் வீட்டு வாசல்லயும் நிக்கணுமா?"

"சாகுற வரைக்கும் வாயத் தெறக்க விடாம வச்சிருந்தோம். மொகத்தையும் எரிக்கணுமா?"

அவர் திரியைக் கீழே வைத்தார். பிறகு மரக்குச்சியால் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். எல்லாம் பாகும் பொடியுமாக இருந்தன. ஒன்று மட்டும் காய்ந்து, சுருள் கலையாமல் இருந்தது. ஸ்ரீமதி அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள்.

"அப்பா சாடையா இருக்கு," என்றார் ராஜபாண்டியன்.

அப்போது அருகிலிருந்த டப்பாவிலிருந்து மஞ்சளாகப் புகை கிளம்பியது. அவர் தங்கையின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். சுருளை அவள் நெஞ்சோடு அணைத்திருந்தாள். கட்டி தட்டிய கரிசலில் இருவரும் தடுக்கி விழுந்தபோது, பின்னால் தீ பனை உயரத்துக்கு எழுந்தது. வெடிச்சத்தம் இல்லை, சீறல் மட்டும். ராஜபாண்டியனின் கை ரோமம் பொசுங்கியிருந்தது. எழுந்திருக்காமல், இருளம்மாளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அத்தனை வருடத்தில் அவர் அழுது ஸ்ரீமதி பார்த்தது அன்றைக்குத்தான்.

சுருளை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மதுரைக்குக் கொண்டுபோய், சென்னையிலிருந்து வந்த ஐஸ்வர்யாவிடம் ஒப்படைத்தார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

ஐப்பசியில், தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தபோது, ஐஸ்வர்யா பிரதியை அனுப்பினாள். அது நான்காவது சுருள். கதை எங்கே தொடங்கி எப்படி முடிந்தது என்பது யாருக்கும் தெரியாது. டிவியில் போட்டார்கள். பாலம்மாள் மதில்மேல் ஏறினாள், கீழே ஒருமுறை பார்த்தாள், குதித்தாள். விழுந்த இடத்தில் எழுந்து நின்று, புழுதியைத் தட்டிக்கொண்டே யாரிடமோ கோபமாகப் பேசினாள்.

"யாரு இது? என்னா தைரியம்," என்றாள் சம்பந்தியம்மாள்.

ஸ்ரீமதி அண்ணனைப் பார்த்தாள். ராஜபாண்டியன் சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பாவோட அத்தை. பாலம்மாள்னு பேரு," என்றார். "சினிமாவுல நடிச்சவுக. இந்த வீட்டுலதான் இருந்தாக."