ஒட்டாமல் விட்ட பக்கம்

என் மகள் வெண்பாவின் சீருடைச் சட்டைகளை நான்தான் இஸ்திரி போடுவேன். என் மனைவி நாகமணி அந்தப் பக்கமே வரமாட்டாள். "அந்தக் கருநீலத்தைப் பாக்கவே புடிக்கலைங்க" என்பாள். அது 1998 அக்டோபர். வெண்பா ஹார்லன் டவுன்ஷிப் போலீஸில் சேர்ந்து ஒரு வருடம் முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

நம்மவர்கள் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடில் யாராவது விசாரித்தால் "லா சைடுல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தோம். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அப்படிப்பட்ட வாக்கியங்கள் எனக்குப் பழக்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிகளைப் படிப்பது என் வேலை. எது கிடைக்கும் என்பதைவிட எது கிடைக்காது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். முக்கியமான பக்கங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டுவேன். பத்தொன்பது வருடத்தில் விரல்கள் தாமாகவே ஒட்டப் பழகியிருந்தன.

அந்தச் சனிக்கிழமை வெண்பா வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. எடிசனிலிருந்து நியூயார்க் வரை ரயிலில் ஒரு வார்த்தை பேசாமல் போய்வந்து, நன்றாகப் பொழுது போனது என்று இருவரும் நினைத்திருக்கிறோம். இந்த மௌனம் அப்படிப்பட்டதல்ல. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை ஓடி நின்றது.

"ஹாலரன் ஒருத்தரை அடிச்சார்ப்பா" என்றாள்.

ஹாலரன் அவளுக்குப் பயிற்சி தரும் சீனியர். செப்டம்பரில் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் ஒரு ஃபர்னிச்சர் வேனை நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவருக்குக் கைவிலங்கு மாட்டியாகிவிட்டது. அவன் ஏதோ முணுமுணுத்தான். ஹாலரன் அவன் பிடரியைப் பிடித்து வேன் கதவில் மோதினார். இரண்டு பல் போயிற்று.

"ரிப்போர்ட்ல ஈரத்துல வழுக்கி விழுந்தான்னு எழுதினார். அன்னிக்கு மழையே இல்ல. பக்கத்துலதான் நின்னேன். ஒரு மாசமா நானும் வாயத் தொறக்கல."

டிரைவர் செப்டம்பர் பதினான்காம் தேதி புகார் கொடுத்திருந்தான். இப்போது வெண்பாவிடம் எழுத்தில் வாக்குமூலம் கேட்டிருக்கிறார்கள்.

"எப்போ குடுக்கணும்?"

"அவசரமில்ல, ஒரு லாயரைப் பாத்துட்டு நவம்பர் ஆரம்பத்துல குடு போதும்னு லெப்டினன்ட் சொல்றார். ரொம்ப அன்பா சொன்னார்." கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிபடவில்லை.

"உங்க யூனியன்?"

"சந்தா முதல் மாசத்துலேர்ந்து புடிக்கறாங்க. ஆனா முதல் வருஷம் முடியற வரைக்கும் எனக்காக வந்து உக்கார முடியாதாம். டவுன்ஷிப்போட யூனியன் போட்ட காண்ட்ராக்ட் அப்படி."

"அந்தக் காண்ட்ராக்டைக் குடு."

பச்சை அட்டை போட்ட புத்தகம். தொண்ணூற்றிரண்டு பக்கம். ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நன்றாக எழுதப்பட்ட ஒப்பந்தம். எந்தக் காலத்திலோ எந்த அதிகாரியோ தன் மச்சானை உள்ளே கொண்டுவர ஒரு நல்ல போலீஸ்காரனை வெளியே தள்ளியிருக்கிறான். அந்தக் காயம் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. விசாரணைக்கு முன் இரண்டு நாள் அவகாசம். புகாரைப் படித்துப் பார்க்கும் உரிமை. பக்கத்தில் யூனியன் ஆள். வேலையிலிருந்து நீக்கினால் வெளியாளான நடுவரிடம் முறையீடு. எங்கள் ஆபீஸில் இதில் பாதி இருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பயிற்சியாளர்களை சர்வீஸ் வருடத்தை வைத்தே நியமிக்க வேண்டும் என்றும் இருந்தது. ஹாலரனுக்கு இருபத்தொரு வருட சர்வீஸ். அவரிடம் ஒரு பெண்ணை ஒப்படைக்கலாமா என்று போலீஸ் சீஃப் யோசிக்கவே வேண்டியதில்லை.

புத்தகத்தின் எல்லாக் கதவுகளும் ஒரு வருடம் முடித்தவர்களுக்குத்தான் திறந்தன. அதற்கு முன் காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். வெண்பாவுக்கு நவம்பர் இரண்டாம் தேதி ஒரு வருடம் முடிகிறது. அந்தப் பக்கத்தில் சீட்டு ஒட்டினேன். அதன்பின் அவளுக்குக் கிடைக்கும் உரிமைகளின் பக்கங்களிலும் ஒட்டினேன். மனசு லேசாயிற்று.

பிறகு அறுபத்தேழாம் பக்கம். புகார் வந்து நாற்பத்தைந்து நாளுக்குள் குற்றச்சாட்டு பதிவாகாவிட்டால் அந்தப் புகார் செல்லாது.

விரல் விட்டு எண்ணினேன். அக்டோபர் இருபத்தொன்பது. லெப்டினன்டின் அன்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு நாள் அவள் பொறுத்தால் அவளுக்கு ஆபத்தில்லை. அவள் வாக்குமூலம் இல்லாமல் குற்றச்சாட்டு பதிவாகாமல், அதற்கு நான்கு நாள் முன்பே ஹாலரனுக்கும் ஆபத்து நீங்கிவிடும்.

அறுபத்தேழாம் பக்கத்தில் நான் சீட்டு ஒட்டவில்லை.

மதியம் வெண்பா எதிரில் வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"ரெண்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோ கண்ணு. அப்புறம் உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. உண்மையத்தானே சொல்லப்போறே? ஒரு வாரம் கழிச்சுச் சொல்லு."

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு சீட்டில்லாத இடத்தில் திறந்து, புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதுல ஏன்ப்பா ஒட்டல?"

சமையலறையில் நாகமணி குழாயை மூடினாள்.

"பாக்கலியா, இல்ல..."

"பாத்தேன்."

"எனக்கும் தெரியும். நேத்தே படிச்சேன். நீங்க ஒட்டுவீங்களான்னுதான் புக்கைக் குடுத்தேன்."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஐந்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். அந்த நாள் முதல், எங்கும் தலையைக் குனிந்து, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டு, கிரீன் கார்டும் பிறகு குடியுரிமையும் வாங்கும்வரை யாரையும் ஒரு கேள்வி கேட்காமல் இருந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள். இந்த முதுகெலும்பை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று யோசித்தேன். அதைக் கொடுத்தது நானில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"வேலை போயிடும்டி" என்றாள் நாகமணி, கதவருகே நின்று.

"தெரியும்மா."

"போலீஸ் வேணாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டப்ப கேக்கல. இப்ப அந்த வேலை போகப்போகுதேன்னு நானே அழ வேண்டியிருக்கு பாரு."

வெண்பா சிரித்துவிட்டாள். நாகமணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

மேஜையில் கிடந்த சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து அறுபத்தேழாம் பக்கத்தில் ஒட்டினேன். அவள் பேனாவை எடுத்தாள். வாக்குமூலம் ஒன்றேகால் பக்கம் வந்தது. தான் ஒரு மாதம் பேசாமல் இருந்ததையும் அதில் எழுதினாள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திங்கட்கிழமை கொடுத்தாள். புதன்கிழமை ஹாலரன் மீது குற்றச்சாட்டு பதிவாயிற்று. வெள்ளிக்கிழமை வெண்பாவுக்குக் கடிதம் வந்தது. இரண்டே வரி. பயிற்சிக் காலம் திருப்திகரமாக நிறைவு பெறவில்லை. காரணம் இல்லை. காரணம் தேவையுமில்லை.

சட்டைகள் ஐந்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இஸ்திரிப் பலகையை விரித்தேன்.

"திருப்பிக் குடுக்கறதுக்கு எதுக்குங்க இஸ்திரி?" என்றாள் நாகமணி.

"கசங்கினதைக் குடுக்கக் கூடாது."

இரண்டு சட்டை போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "தள்ளுங்க. காலர் உங்களுக்கு எப்பவும் சரியா வராது."

ஹாலரனுக்கு முப்பது நாள் சஸ்பென்ஷன். நடுவரிடம் போய்ப் பத்து நாளாகக் குறைத்துக்கொண்டார். ஆனால் குற்றம் நிரூபிக்கப்பட்டவர் பயிற்சி தர முடியாது என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. புதிதாகச் சேரும் யாரும் இனி அவர் பக்கத்து சீட்டில் உட்காரப்போவதில்லை.

டிசம்பரில் பக்கத்து ஊர் ஐசலினில் மளிகைக் கடையில் சுவாமிநாதன் பிடித்துக்கொண்டார். எனக்குப் பழைய ஆபீஸ் பழக்கம்.

"என்ன சார், பொண்ணு லா முடிச்சாச்சா? என் தம்பி பையனுக்குப் பாத்துண்டிருக்கோம்."

"லா இல்ல சார். போலீஸ்ல இருந்தா."

"போலீஸா!" துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "இருந்தாங்கறேளே, இப்போ?"

"கூட வேலை செஞ்சவர் தப்புப் பண்ணினார். இவ பாத்ததை எழுதிக் குடுத்தா. வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்க. வேற ஊர்ல அப்ளை பண்றா."

"மறுபடியும் போலீஸுக்கா?"

"ஆமா. போலீஸுக்குத்தான்."

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும். பில் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுவாமிநாதன் தம்பி பையனைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, இருபது வருடம் கழுத்தை இறுக்கிய டையைக் கழற்றியதுபோல் இருந்தது.

அந்த வேறு ஊரின் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: எந்தப் போலீஸ் துறையிலிருந்தாவது அனுப்பப்பட்டதுண்டா? விவரம் எழுதவும். வெண்பா எழுதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பச்சைப் புத்தகத்தின் எழுபத்து மூன்றாம் பக்கம் ஞாபகம் வந்தது. தண்டனைக் குறிப்புகளை இரண்டு வருடத்தில் ஃபைலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஹாலரனின் தாள் கிழிக்கப்பட்டுவிடும். ஒரு வருடம் முடிக்காதவர்களுக்கு அந்த விதி இல்லை.

"உன் பேப்பர் அங்கேயே இருக்கும் கண்ணு. கிழிக்க மாட்டாங்க. எங்கே போனாலும் கூடவே வரும்."

"வரட்டும்ப்பா" என்றாள், எழுதுவதை நிறுத்தாமல்.

மார்ச்சில் அழைத்தார்கள். புதிய சீஃப் அந்தப் பதிலை இரண்டு முறை படித்துவிட்டு, "ஏன் ஒரு மாதம் பேசவில்லை?" என்று மட்டும் கேட்டாராம். பயமாக இருந்தது என்று சொன்னாளாம். சேர்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் குறைந்த பழைய வருடம் கணக்கில் வராது. முதல் நாளிலிருந்து மறுபடி ஒரு வருடம்.

அந்த ஊர் ஒப்பந்தத்தையும் வாங்கி வந்து மேஜையில் வைத்தாள். நீல அட்டை, எண்பது பக்கம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புகார் எத்தனை நாளில் செல்லாமல் போகும் என்ற பக்கத்தை முதலில் தேடி, அதில் சீட்டு ஒட்டினேன்.