சுற்றாமல் வந்த கேசட்

அந்த மாதத்தில் நான்காவது முறையாக இந்திரா டீச்சர் கேசட்டைச் சுற்றாமல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பீர் முகம்மதுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில் அவர் வீடியோ கடை போட்டு, இந்த எண்பத்தேழோடு ஆறு வருஷம் ஆகிறது. பார்த்து முடித்ததும் முதலுக்குச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறார். லோரி ஓட்டுகிறவர்களே அதை மதிக்கிறார்கள், படித்த டீச்சருக்கு என்ன வந்தது? அது போதாதென்று இன்றைக்கு உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் வேறு. 'கோஸ் லெப்பாஸ்' என்று மலாயில் எழுதி, பக்கத்தில் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் என்று குறித்திருந்தது.

கோஸ் என்றால் செலவு. லெப்பாஸ் என்றால் போனது. மிங்கு லெப்பாஸ் என்றால் போன வாரம். இதற்கு மேல் அவருக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. போன நாளுக்கான கட்டணம்! ஒரு நாளாவது அந்தப் பெண்ணிடம் தாமதக் காசு என்று வாய் திறந்திருப்பாரா? கேட்காத காசுக்குக் கணக்கு எழுதி அனுப்பினால் மனுஷனுக்குச் சுருக்கென்றுதானே இருக்கும்.

பொருமிக்கொண்டே கேசட்டைக் கடை மெஷினில் செருகினார். சுற்றுவதற்கு முன்னால், அப்படி எந்த இடத்தில்தான் நிறுத்தினார் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டேஷனில் எதிரெதிரே இரண்டு ரயில் நிற்கிறது. ஒன்று பட்டணத்து வேலைக்கு, மற்றது படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயிடம். கதாநாயகன் பட்டணத்து ரயிலில் ஏறிவிடுகிறான். கேசட் நின்றிருந்தது அவன் முகத்தில் அல்ல. அவன் ஏறாத ரயில் புகை விட்டுக்கொண்டு கிளம்பிப் போகிற இடத்தில். இருபது தடவை பார்த்த படம். அங்கே இன்னொரு ரயில் போகிறது என்பதையே அவர் அன்றுதான் பார்த்தார்.

மறுநாள் டீச்சர் வந்ததும், தாமதக் காசு நான் எப்போது கேட்டேன் என்று மனத்தாங்கலோடு விசாரித்தார். இந்திரா முதலில் விழித்தார். பிறகு காகிதத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஐயோ பாய், அது என் பாடக் குறிப்பு. பக்கத்துல இருக்குறது படத்துல அந்த ரயில் வர்ற நேரம். எக்கனாமிக்ஸ்ல வர்ற வார்த்தை. லெப்பாஸ்னா போனது மட்டும் இல்ல, விட்டதும்தான். ஒண்ண எடுத்துக்க நாம எத விட்டோமோ, அதான் கோஸ் லெப்பாஸ். எல்லாரும் அவன் ஏறின ரயிலத்தான் பாக்குறாங்க. நான் ஏறாத ரயிலப் பாக்கச் சொல்றேன்."

டீச்சருக்கு வயது இருபத்தாறு. வாரநாளில் பள்ளிக்கூட வேலை. ஞாயிறு இரண்டு மணிக்கு, எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் பொருளாதாரத்தைக் கோட்டை விட்ட இருபத்திரண்டு பேருக்கு இளைஞர் மன்றத்து மாடியில் சம்பளமில்லாத வகுப்பு. கையுறைத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறவர்கள். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார்கள், படத்தைப் போட்டால் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்றார். வீட்டு டிவியையும் மெஷினையும் தம்பியின் காரில் ஏற்றி இறக்குகிறாராம். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அன்றிலிருந்து டீச்சர் கொண்டுவரும் கேசட் எதையும் பீர் முகம்மது உடனே சுற்றுவதில்லை. உறைக்குள் இருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து போட்டுப் பார்ப்பார். ஒரு படத்தில் புயலடித்த மறுநாள் சந்தைக்கு மீன் வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது, அது அளிப்பு. ஊருக்கு ஒரே கிணறு, அதுவும் பண்ணையாருடையது, அது ஏகபோகம். எதிர் வீடியோ கடைக்காரன் வாடகையில் ஐம்பது காசு குறைத்ததற்கு இத்தனை நாள் அவனைக் கரித்துக்கொட்டியவருக்கு, அதற்கும் புத்தகத்தில் போட்டி என்று ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததில் ஏனோ நெஞ்சு லேசானது. ஆறாம் வகுப்போடு நின்ற ஆள். யா அல்லா, இப்படியும் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மன்றத் தலைவர் நாச்சியப்பன் காதுக்கு விஷயம் போயிற்று. மாடியில பாடம் நடக்குதா, படம் நடக்குதா என்று கேட்டார். ஞாயிறு தானே வந்து பார்ப்பதாகவும், திருப்தி இல்லாவிட்டால் மாடிச் சாவியை அன்றைக்கே வாங்கிவிடுவதாகவும் சொல்லியனுப்பினார். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. வேறு இடமும் இல்லை. டீச்சர் சனிக்கிழமை வந்து, நாச்சியப்பன் முன்னால் நடத்திக் காட்ட அந்த ரயில் கேசட்டைக் கேட்டார். இருந்த ஒரே பிரதியைக் காப்பார் ஊர் வாடிக்கைக்காரர் கன்னையா கொண்டுபோய் மூன்று வாரமாகிறது.

அது தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. வருஷத்திலேயே கூட்டம் அள்ளுகிற நாள். பதினொரு மணிவரை கன்னையா கொண்டுவருவாரா என்று பார்த்துவிட்டு, கடையில் நெரிசலாக நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினார் பீர் முகம்மது. மோட்டார் சைக்கிளில் செம்பனைக் காட்டோரமாக ஒரே ஓட்டம். கன்னையா வீட்டில் பன்னிரண்டு பேர் டிவி முன்னால் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கால் மணி நேரம்தான், கிளைமேக்ஸ் போகிறது, விடுங்கள் அண்ணே என்றார் கன்னையா. பீர் முகம்மது மணியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், நின்றபடியே மிச்சக் கதையை வசனத்தோடு இரண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். கன்னையாவின் மனைவி மூக்கைச் சிந்தினாள். கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

மன்றத்து மாடியில் டிவி பக்கத்து மேசைமேல் சாவி தயாராகக் கிடந்தது. டீச்சரே எடுத்து வைத்திருந்தார். பாடம் தொடங்கியது. ஏறாத ரயிலில் படம் நடுங்கி நின்றது. முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த நாச்சியப்பன், ரயிலைக் காட்டினால் பரீட்சையில் மார்க் போடுவானா என்று கேட்டார். டீச்சர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் கையுறைத் தொழிற்சாலை நல்லம்மாள் எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழம ஓவர்டைமை விட்டுட்டுத்தான் சார் இங்க வரேன். என் இடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. வீட்ல தெனம் ஏச்சு. நஷ்டம், நஷ்டம்னு நானும் அழுதிருக்கேன். இது நஷ்டம் இல்ல, நானா பாத்து விட்டதுன்னு இந்த ரயிலப் பாத்துத்தான் வெளங்குச்சு. கேள்வித்தாள்ல கோஸ் லெப்பாஸ்னு வந்தா எனக்கு எழுதத் தெரியும் சார்."

நாச்சியப்பன் பாடம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் நின்ற பீர் முகம்மதுவிடம் போகிற போக்கில் மெதுவாக ஒன்று கேட்டார்.

"அந்த ரயில்ல ஏறியிருந்தா தாயாரைப் பாத்திருப்பானா பாய்?"

"பாத்திருப்பான் ஐயா."

நாச்சியப்பன் படியிறங்கிப் போன பிறகுதான் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். சாவி அங்கேயே கிடந்தது. மறந்துவிட்டுப் போனாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் அதைத் தொடாமல், அடுத்த வாரத்துக்கான பாடப் பக்க எண்ணைப் பலகையில் எழுதினார்.

பீர் முகம்மது சந்துக்குத் திரும்பியபோது எதிர்க்கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. அவருடைய வாடிக்கைக்காரர்கள்தாம், ஆளுக்கு நான்கைந்து கேசட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர், கடை பூட்டியிருந்திச்சி லா பாய் என்று தலையைச் சொறிந்தார். பரவாயில்லை என்று கையாட்டினார். கதவைத் திறக்கச் சாவியை எடுத்தவர், திறக்காமல் அப்படியே திரும்பி நின்றார். சுற்றாத கேசட் அக்குளில் இருந்தது. ஒவ்வொரு மோட்டார் சைக்கிளாகக் கிளம்பிப் புகை விட்டுக்கொண்டு முனை திரும்புவதை, கடைசி வண்டி போகிறவரைக்கும் நின்று பார்த்தார்.