முன்னால் ஓடியவன்

அன்றைக்கு அந்தக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள். வீட்டுக்காரர் சின்னராஜ், சங்ககிரியில் முப்பது வருடம் லாரி வைத்து நடத்தியவர். அவர் மனைவி ஜானகியம்மாள். எல்லையில் நடந்த ஒரு மோதலில் இறந்துபோன அவர்கள் மகன் ஹவில்தார் மோகன்குமாரின் மனைவி அகல்யா. ஊர் முகப்பில் மோகன்குமார் பேரில் வளைவு கட்ட அமைந்த கமிட்டியின் தலைவரும் சின்னராஜுக்கு மச்சான் முறையுமான அப்புசாமி. மல்லசமுத்திரத்திலிருந்து வந்த வேலுமணி. மோகன்குமாரின் கீழ் வேலை பார்த்து, அந்த மோதலிலிருந்து உயிரோடு திரும்பியவர். அவ்வளவுதான். ஆறாவது ஆள் கிடையாது.

வேலுமணியை வரவழைத்ததற்குக் காரணம் டிவியில் வந்த ஒரு போர்த் தொடர். இந்தியிலிருந்து தமிழில் பேசவைத்தது. உண்மைச் சம்பவம் என்று போட்டிருந்தார்கள். ஆனால் பெயர்களை மாற்றியிருந்தார்கள். பனிமலை, திடீர்த் தாக்குதல், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்சன், அதில் ஒரு ஹவில்தார். பார்த்த அன்றே சின்னராஜ் அது தன் மகன்தான் என்று லாரி புக்கிங் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். கமிட்டியில் சிலர் நம்பவில்லை. 'சும்மா செத்தவனுக்கெல்லாம் வளைவா' என்று டீக்கடையில் ஒருவன் கேட்டது அவர் காதுக்கே வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இடத்தில் இருந்தவர் ஒருவர் வந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வளைவு நிற்கும்; இல்லாவிட்டால் வளைவும் இல்லை, பேரும் இல்லை.

அப்புசாமி ரிமோட்டை அமுக்கினார். திரையில் ஹவில்தார் பாறை மேல் ஏறி நின்றான். தாய்நாடு, தாய்ப்பால் என்று நீளமாகப் பேசினான். பிறகு "என் பின்னால் வாங்கடா!" என்று கத்திக்கொண்டு குண்டு மழையில் முதல் ஆளாக ஓடினான். இசை முழங்கியது. ஜானகியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தீங்களா மச்சான்? வளைவு மேல வெக்கற செலையும் இதே மாதிரிதான், ஒரு காலு தூக்கி, ஓடற மாதிரி. நாமக்கல் சிற்பிகிட்டச் சொல்லியாச்சு" என்றார் அப்புசாமி.

சின்னராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, நீங்க சொல்லுங்க. இது எம்பையந்தானே?"

வேலுமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"இல்லீங்கய்யா. எங்க ஹவில்தார் பின்னாடிதாங்க இருந்தாரு."

"பின்னாடியா?" அப்புசாமி சிரித்துவிட்டார். "அப்ப செலைய வளைவுக்குப் பின்னாலதான் வெக்கோணும். பஸ்ஸு போனப்புறம் திரும்பிப் பாத்துக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் வேலுமணி. "நாங்க அத்தன பேரும் கண்ணுக்குத் தெரியற எடத்துலதான் அவரு இருந்தாருங்க. முன்னாடி ஓடறவனுக்கு, பின்னாடி எவன் உழுந்தான்னு தெரியுமுங்களா? இவரு ஒவ்வொருத்தனாப் பேரு சொல்லிப் பின்னுக்கு எடுத்தாரு. நாலு பேரு மெரண்டுபோய்ப் படுத்துக் கெடந்தோம். முன்னாடி ஓடியிருந்தாருன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேங்க."

அகல்யா அதுவரை வாசற்படியருகில் நின்றிருந்தாள். ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"கத்துனாருங்களாண்ணா?"

"இல்லம்மா. கத்தவே இல்ல. ஊட்டுல தண்ணி கேக்கற மாதிரி இருந்துச்சு. 'வேலு, வா. வரலாம். இன்னுங் கொஞ்சம். வா.' அப்படித்தான்."

அந்தக் குரல் சின்னராஜுக்குத் தெரியும். பட்டாளத்துக்குப் போகுமுன் இரண்டு வருடம் மோகன்குமார் அப்பாவின் லாரியில்தான் இருந்தான். குறுகலான குடோன் சந்தில் லோடு வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மகன் வண்டிக்குப் பின்னால் நின்று, பலகையைத் தட்டாமல் கத்தாமல், "வரலாம்ப்பா. இன்னுங் கொஞ்சம். வரலாம்" என்பான். அந்தக் குரலை நம்பி சின்னராஜ் கண்ணை மூடிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேலுமணி சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்று அந்த வீட்டில் அவரைப்போல் உறுதியாகத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

ஆனால் அப்புசாமி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இத வெளிய சொன்னா நம்மாளு ஒளிஞ்சுக்கிட்டான்னுதான் பேசுவாங்க மச்சான். கமிட்டில நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

"அவரு மத்தவங்க மாதிரி..." என்று வேலுமணி தொடங்கினார்.

"தம்பி." சின்னராஜ் கையை உயர்த்தினார். குரல் நடுங்கவில்லை. "நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. பனி, பொகை. உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. எம்பையன் முன்னாடிதானே இருந்தான்?"

"மாமா, அவரு முழுசாச் சொல்லட்டுங்க" என்றாள் அகல்யா.

"அது அப்பறம்."

வேலுமணி அகல்யாவைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்தார். எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டி, மேலதிகாரி முன் நிற்பதுபோல் நேராக நின்றார்.

"ஆமாங்கய்யா. முன்னாடிதான் இருந்தாரு."

அப்புசாமி தொடையைத் தட்டினார். ஜானகியம்மாள் இலை போடப் போனார். அகல்யா உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு மாமனாரிடம் சோறு வேண்டுமா, மாத்திரை போட்டாச்சா என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை.

வேலுமணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். வாசல்வரை வழியனுப்பிய சின்னராஜ், மகனைப் பற்றி அவர் சொல்லாமல் விட்ட மீதியைக் கேட்க வாய் திறந்தார். அப்புசாமி பக்கத்திலேயே நின்றதால் கேட்கவில்லை. பிறகு பல தடவை போன் செய்தார். மணி அடித்து அடித்து நின்றது.

தை மாதம் வளைவு எழுந்தது. மேலே சிமெண்டில் ஒரு வீரன், ஒரு காலைத் தூக்கி, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டு ஓடுகிறான். மோகன்குமார் அப்படி வாய் திறந்து சின்னராஜ் பார்த்ததேயில்லை. நாமக்கல் சிற்பிக்குத் தொடரில் வந்த நடிகனின் படத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சின்னராஜ் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார்.

திறப்பு விழாவுக்கு வந்த வேலுமணியை வாசலிலேயே நிறுத்தி சின்னராஜ் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அழைப்பிதழில் அவர் பெயர் இருந்தது. மேடையில் நாற்காலி போட்டிருந்தது. அவர் வரவே இல்லை.