இரண்டு மூக்கம்மா, ஒரே வரி

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரின் மவுஸ் செத்து ஒரு வருஷம் ஆகிறது. கேட்டால் "வாங்கலாம், வாங்கலாம்" என்பார்கள். எனக்கு அது வேண்டவும் வேண்டாம். கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் தம்பி இளங்குமரன், விம் என்று ஒரு எடிட்டரைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதில் பேர்களை அடித்துவிட்டு, எடிட்டரை விட்டு வெளியே வராமலே கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடலாம். அடுக்கு என்றால் அடுக்கும், எண்ணு என்றால் எண்ணும். வீட்டில் ஒருத்தரும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்கு அடித்தது, குன்னூர் கண் முகாமுக்குப் போகிறவர்களின் பட்டியல். ஒன்பது மணிக்குள் மெயிலில் போய்ச் சேர வேண்டும். அதில் பேர் இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் டோக்கன் கிடையாது. அடுத்த முகாம் அடுத்த வருஷம்தான். வேலையாட்களை மேற்பார்க்கும் இரண்டு மேஸ்திரிகள் கொடுத்த சீட்டுகளைப் பார்த்து நாற்பத்தேழு வரி அடித்தேன். மூன்று பேர் இரண்டு மேஸ்திரிகளிடமும் பேர் கொடுத்திருந்தார்கள்.

வேன் டிரைவர் சில்வஸ்டர் கதவில் சாய்ந்துகொண்டு, "என்னக்கா, இன்னும் தட்டிட்டே இருக்கீங்க? மஞ்சு விலகி வெயிலே வந்துருச்சுங்க" என்றான்.

"வாயை மூடிட்டு இங்க பாரு" என்று சொல்லி, `:%!sort -u` என்று அடித்தேன். பேர்களெல்லாம் அகர வரிசையில் நின்றன. இரண்டு முறை இருந்தவை ஒன்றாகிவிட்டன.

"அட!" என்றான்.

அந்த ஒரு 'அட'வில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணிப் பார்க்காமலே மெயிலைத் தட்டிவிட்டு, அச்செடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

வேனுக்குப் பக்கத்தில் நின்று சில்வஸ்டர் வாசித்தான். "மூக்கம்மா" என்றதும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருப்பவள் டேங்க் மூக்கம்மா, கோயிலுக்குப் பக்கத்து லைனில் இருப்பவள் கோயில் மூக்கம்மா. எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான்தான், ஆபீஸ் காகிதமாயிற்றே என்று, இருவருக்கும் வெறும் மூக்கம்மா என்று அடித்திருந்தேன். கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? ஒருத்தியை எடுத்துவிட்டது.

டேங்க் மூக்கம்மாவுக்கு ஒரு கண்ணாவது தெரியும். கோயில் மூக்கம்மாவுக்கு இரண்டும் மங்கல், கொழுந்தைத் தடவிப் பார்த்துத்தான் பறிக்கிறாள். அவளே சொன்னாள்: "உடுங்க, டேங்குக்காரியே போகட்டும். நான் அடுத்த வருசம் போய்க்கிறனுங்க." சொல்லிவிட்டு, லைனுக்கு இறங்கும் படியைக் காலால் துழாவித் துழாவி இறங்கிப் போனாள்.

சில்வஸ்டர் பக்கம் திரும்பினேன். "அவங்களைப் பிடிச்சு வேன்ல உக்கார வைடா!" என்று கத்திவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். மணி எட்டு ஐம்பது.

நல்லவேளை, எடிட்டரை மூடவில்லை. u எழுத்தை ஒரு தட்டு தட்டினால் கடைசியாகச் செய்தது பழையபடி ஆகிவிடும்; தட்டினேன். நாற்பத்தேழு வரியும் திரும்பி வந்தன. ஒரு மூக்கம்மாவுக்குப் பக்கத்தில் டேங்க் லைன், இன்னொருத்திக்குப் பக்கத்தில் கோயில் லைன் என்று சேர்த்து, மறுபடி அடுக்கச் சொன்னேன். அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள், அதனால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். இந்த முறை அங்கேயே எண்ணவும் சொன்னேன். நாற்பத்து நான்கு. இரண்டு முறை வந்த மூன்று போக, கணக்குச் சரி. திருத்திய பட்டியல் என்று எழுதி அனுப்பினேன். ஒன்பதுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது "கிடைத்தது, 44 டோக்கன்" என்று பதில் வந்தது. நாற்காலியிலேயே சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் மூக்கம்மா ஆபீசுக்கு வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மிணி, உங்களுக்கு இத்தனை நரைங்களா? இத்தனை நாளும் சின்னப் புள்ளைன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!"

நான் u தட்டிப் பட்டியலை மீட்ட கதையைக் கேட்டிருந்த சில்வஸ்டர், கதவோரம் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அந்த யூவை ஒரு தட்டு தட்டுங்க, எல்லாம் பழையபடி ஆயிரும்!"

"வெளியே போடா!" என்றேன். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு நரையாக அவள் எண்ணி முடிக்கும்வரை தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.