காற்றளப்பவர் வீட்டு மேல்சாளரம்

ஒரே கதிரவன் காய்ந்தும் மண் விரைந்து சூடேற, நீர் தன் இயல்பான சோம்பலோடு மெல்லச் சூடேற, கரைமேல் நின்ற காற்று வெம்மையால் இலேசாகி மேலெழுந்து, அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கடற்காற்று கூரைகளைத் தடவியபடி ஊருக்குள் நுழையும் பிற்பகல் வேளை அது. துறைமுகக் கொடிகள் யாவும் நிலம் நோக்கிப் படபடத்தன. தெருவெங்கும் காற்று, ஒரே ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அது எவர் வீடென்று வினவுவீராயின், நகைக்காமல் கேளுங்கள்: துறைமுகத்துக்காகக் காற்றின் விசையும் திசையும் நாள்தோறும் குறித்துவைக்கும் காற்றளப்பவர் வீடு.

அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே காற்று பாயும் என்பதையும், சுழலும் உலகம் அதன் வழியைச் சற்றே வளைக்கும் என்பதையும், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார் அந்த நல்லவர். ஆயினும் அவருடைய நாற்பது நாள் மகள், உடலெல்லாம் வேர்க்குரு சிவக்க, மூன்று நாளாக உறங்காமல் அழுதாள். அவளைத் தோளில் சுமந்து நடந்த மனைவியோ அழவும் இல்லை, கணவனோடு பேசவும் இல்லை. இன்று துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலை வண்டியில் தாய்வீடு போவதென்று முடிவு.

"கடல் பக்கம் ரெண்டு ஜன்னலும் தொறந்துதானே இருக்கு. ஏன் வரமாட்டேங்குதுன்னு புரியலம்மா," என்றார் அவர், அசையாத திரையைப் பார்த்தவாறு.

அவள் நிமிர்ந்தாள். "வா வான்னா எப்படி வரும்? உள்ள இருக்கிறது எந்த வழியா போகும்? தாள் பறக்குதுன்னு மேல் ஜன்னல்ல பலகை அடிச்சது யாரு? வேண்டாம்னு சொன்னேன். காதுல வாங்கினீங்களா? ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி..."

"கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி," என்று அவரே முடித்தார். அவள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முக்காலியில் ஏறி, கூரையோரச் சாளரத்தின் ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை அகற்றியதும், அறையில் அடைபட்டுக் கிடந்த வெப்பம் அவர் நெற்றி மயிரைக் கலைத்துக்கொண்டு வெளியேறியது. கீழே திரை மெல்லப் புடைத்தது. மேசைமேல் இருந்த ஒரு திங்களின் குறிப்புத் தாள்கள் அறையெங்கும் சிதறின. அவர் அவற்றை எடுக்கக் குனியவில்லை. மூன்று நாளாய் அவள் நெஞ்சில் அடைபட்டிருந்த சொற்களும் அப்போதுதான் வெளிவந்தன. பலகையைக் கையில் பிடித்தபடி அவர் அவை தீரும்வரை கேட்டார். அவள் பேசி முடித்தபோது தோளில் குழந்தை உறங்கிப்போயிருந்தது.

"தாளெல்லாம் பொறுக்குங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "சத்தம் போடாம."

வெம்மை வெளியேற வழி தராத இடத்தில் தண்மை நுழைவதில்லை; வீட்டுக்கும் அதுவே, உள்ளத்துக்கும் அதுவே. அன்று மாலை வண்டி, ஓர் இருக்கை வெறுமையாகவே புறப்பட்டது.