குழாய் வழியாக வந்த பங்காளிகள்

கல்யாணம் பேசி முடிக்க வேண்டிய அன்று மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக் குளியலறைக் குழாய் வழியாக வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை குழாய் ரிப்பேர்க்காரன். கைக்குழந்தையாக அநாதை விடுதி வாசலில் கிடந்தவன், சொந்தமென்று சொல்லிக்கொள்ள நாதியில்லாதவன். தையல்கடைக்காரி மேல் உயிரையே வைத்திருந்தான். அவள் அப்பாவோ, "உன் பக்கம் பேச ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா பொண்ணை மறந்துடு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அடைப்பெடுத்துக்கொண்டிருந்த குழாய்க்குள் தலையை விட்டு அவன் ஓவென்று அழுதான். குழாய்க்கு மறுமுனை உண்டென்பது அப்போது அவனுக்கு நினைவில்லை.

முதலில் ஒரு கிழட்டுத் தேரை வந்தது. பின்னாலேயே வால் மறையாத பிள்ளைகுட்டிகளோடு தவளைகள், கடைசியாகத் தவளைகளின் காலே இல்லாத ஒரு தூரத்துச் சொந்தம். அதைப் புழுவென்று நினைத்துத் துடைப்பம் எடுத்த பெண்ணின் அம்மா மன்னிப்புக் கேட்டார். தேரை சோபாவில் ஏறி வம்சத்தைச் சொன்னது. மூதாதை மீன். ஒருநாள் அவர் சேற்றில் துடுப்பை ஊன்றி எழுந்தார், போகப் போக அது காலாயிற்று. வாரிசுகளில் ஒரு கிளை தண்ணீரை விட மனசில்லாமல் ஈரத்தோலோடு கரையிலேயே தங்கிவிட்டது. இன்னொரு கிளை முட்டைக்கு ஓடு போட்டுக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பியது. பல்லி, கோழி, பசு, இந்தப் பையன் எல்லாம் அந்த வழி. "பங்காளி வீட்டுப் பிள்ளை. பெரியப்பா முறையில நான்தான் பேசணும்" என்றார் தேரை. குழாய்க்காரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பெண்ணின் அப்பா லேசுப்பட்டவரா? "எங்களுக்கும் நீங்க பங்காளிதானே? அப்ப ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. கல்யாணம் எப்படிங்க நடக்கும்?" என்று மடக்கினார். குழாய்க்காரனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சொந்தம் இல்லையென்று தவித்தவனுக்குச் சொந்தமே எமனாக வந்து நின்றது. தையல்கடைக்காரி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பா நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தார். "உங்க வீட்டம்மா மட்டும் வேற வம்சமா சம்பந்தி? அந்தக் கணக்குல அவங்களும் உங்க தங்கச்சிதான்."

பெண்ணின் அம்மா முந்திக்கொண்டார். "சரி அண்ணே, கல்யாணத் தேதியைச் சொல்லுங்க" என்றார் புருஷனைப் பார்த்து.

அந்த மாசமே கல்யாணம். போட்டோவில் மாப்பிள்ளை பக்கம் கூட்டம் தாங்காமல் பெண் வீட்டார் ஓரமாக ஒண்டி நிற்க வேண்டியதாயிற்று. முன்வரிசை நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். தோல் காய்ந்துவிடக் கூடாதென்று சம்பந்தியே ஈரத்துண்டைப் போர்த்திவிட்டுக்கொண்டிருக்கிறார்.